ரோடு மட்டும்தாங்க கேட்டோம்!

ஒரு சின்ன கணக்கு, மக்களே! அரியர் விழுற அளவுக்குக் கஷ்டமான கணக்கு இல்லை, தைரியமா வாங்க.

ஒருத்தர் அரசாங்கத்துக்கிட்ட வர்றார். “என்கிட்ட 1,600 ஏக்கருக்கு மேல நிலம் இருக்கு. அதை நீங்க எடுத்துக்குங்க. பதிலுக்கு உங்க காட்டுல ஒரு 300 ஏக்கர் மட்டும் எனக்குக் கொடுங்க”ங்கிறார். லாபம் யாருக்கு?

“இதென்ன கேள்வி, அரசாங்கத்துக்குத்தான்”னு டக்குனு சொன்னீங்கன்னா, கொஞ்சம் பொறுங்க. “எந்த 1,600? எந்த 300?”னு திருப்பிக் கேட்டீங்கன்னா, நீங்க ஏற்கெனவே ஒரு மனையாவது வாங்கின வீட்டுப் பிள்ளை. கையைக் கொடுங்க! பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 3 சென்ட்டும், பொட்டல் காட்டுல 3 ஏக்கரும் ஒண்ணு இல்லைன்னு நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கே தெரியும். அமெரிக்க வனத்துறை 1980-களில் போட்ட ஒரு பரிவர்த்தனைப் பத்திரத்தில் இந்த விஷயம்தான் இடறியது. அந்தப் பத்திரத்தின் பின்னாலேயே கோர்ட்டு, கேஸு, அப்பீல் என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

இடம், கொலராடோ மாநிலம். ராக்கி மலைத்தொடரைச் சேர்ந்த சான் வான் மலைகள். அங்கே 10,857 அடி உயரத்தில் ஒரு கணவாய், பேர் வுல்ஃப் கிரீக் பாஸ். நம்ம தொட்டபெட்டா உச்சியே 8,600 அடி சொச்சம்தான்னா உயரத்தைப் பார்த்துக்குங்க. 1975-ல் இந்தக் கணவாயைப் பற்றி சி.டபிள்யூ. மெக்கால் பாடிய ஒரு பாட்டே வந்திருக்கிறது. கோழிக் கூண்டு ஏற்றிய லாரி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பறக்கிற கதை. காமெடிப் பாட்டுதான். ஆனா அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது காமெடி இல்லையாம்!

பனியைப் பற்றிச் சொல்லியே ஆகணும். வருஷத்துக்குச் சராசரி 430 அங்குலம் கொட்டுகிறது என்று அங்கிருக்கும் பனிச்சறுக்கு மைதானம் பெருமையடித்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட 36 அடி! ஒரே நாளில் விழுந்து உருகாமல் நின்றால் எங்க ஹாஸ்டல் மூணு மாடியும் காலி.

கணவாய்க்கு ஒரு பக்கம் வெமினுச்சி வில்டர்னஸ். கிட்டத்தட்ட 5 லட்சம் ஏக்கர், கொலராடோவிலேயே பெரியது. இன்னொரு பக்கம் சவுத் சான் வான் வில்டர்னஸ், ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். ‘வில்டர்னஸ்’ என்பதை ஏதோ கவிஞர் வர்ணனை என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ம் வருஷச் சட்டம் கொடுத்த அந்தஸ்து அது. உள்ளே ரோடு போடக் கூடாது, மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு காட்டுக்கும் நடுவே, கணவாய் வழியாகத்தான் யு.எஸ். 160 என்ற ஹைவே ஏறி இறங்குகிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற மிருகம், அந்த ஹைவேயைக் குறுக்கே தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போ நம்ம ஹீரோ என்ட்ரி. கனடா லின்க்ஸ். காதில் கறுப்புக் குஞ்சம் வைத்த காட்டுப்பூனை. பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத சைஸில் பெரிசா இருக்கும். பனியில் புதையாமல் நடப்பதற்காக இயற்கை மாட்டிவிட்ட ஷூ அது. கொலராடோவில் இந்த இனம் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. மாநில வனவிலங்குத் துறை 1999-ல் ஆரம்பித்து 2006 வரை கனடாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் 218 லின்க்ஸ்களைக் கொண்டுவந்து இந்த சான் வான் மலைகளில் விட்டது. முதலில் விட்டவற்றில் சில பட்டினியால் செத்துப்போயின. பயங்கர எதிர்ப்பு. அப்புறம் முறையை மாற்றினார்கள். கொஞ்ச நாள் கூண்டிலேயே வைத்து நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்கவைத்து, பிறகு திறந்துவிட்டார்கள். 2010-ல் ‘திட்டம் சக்சஸ்’ என்று அறிவித்தார்கள். அந்த லின்க்ஸ்களுக்கு வுல்ஃப் கிரீக் பாஸ் ஒரு முக்கியமான பாலம்.

அந்தப் பாலத்தின் மேல்தான் ஒருத்தர் ஊர் கட்ட நினைத்தார்.

அவர் பேர் ரெட் மெக்கோம்ப்ஸ். டெக்சாஸ் கோடீஸ்வரர். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஜிமேட் எழுதிவிட்டு யுனிவர்சிட்டி லிஸ்ட் தேடிக்கிட்டிருக்கிற சீனியரைக் கேளுங்க. ஆஸ்டினில் இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல் பேரே ‘மெக்கோம்ப்ஸ் ஸ்கூல்’தான். 2000-ம் வருஷம் 5 கோடி டாலர் கொடுத்தார், பேர் வைத்தார்கள். கார் விற்று ஆரம்பித்தவர். ‘கிளியர் சேனல்’ ரேடியோ கம்பெனியைத் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர். பேஸ்கட்பால் டீம், ஃபுட்பால் டீம் எல்லாம் சொந்தமாக வைத்திருந்தவர். வில்லன் கெட்டப்பில் யோசிக்காதீங்க. வாரிக் கொடுத்த மனுஷன்தான். ஆனா நினைத்ததை விடுகிற ஆள் இல்லை.

1986-ல் அவர் பங்குதாரராக இருந்த கம்பெனி வனத்துறையிடம் போனது. சவாச் கவுன்ட்டி என்ற இடத்தில் அவர்களுக்கு இருந்தது மாடு மேய்ந்து தேய்ந்துபோன மேய்ச்சல் நிலம். அதுதான் நம்ம கணக்கில் வந்த 1,600 ஏக்கர். அவர்கள் கேட்டதோ வுல்ஃப் கிரீக் பனிச்சறுக்கு மைதானத்தின் காலடியில் இருந்த தேசிய வன நிலம். வனத்துறை முதலில் ‘இது பொதுநலனுக்கு உகந்ததல்ல’ என்று மறுத்துவிட்டது. சரியான பதில்! ஆனால் கொஞ்ச நாளிலேயே அதே வனத்துறை தலைகீழாகத் திரும்பி ‘உகந்ததுதான்’ என்றது. நடுவில் காடு மாறவில்லை, மாடு மாறவில்லை, மலையும் மாறவில்லை. 1987-ல் கைமாறியது, சுமார் 300 ஏக்கர்.

முதலில் சொன்ன திட்டம் சின்னது. சுமார் 200 வீடுகள். ‘மலையின் அழகு கெடக்கூடாது’ என்று பத்திரத்தில் ஒரு கண்டிஷனையும் வனத்துறை சேர்த்து வைத்தது. அப்புறம் வருஷம் போகப் போகத் திட்டம் ஊத ஆரம்பித்தது. 2000-களில் பேப்பரில் இருந்த கணக்கு 2,000 வீடுகளையும் தாண்டியது. ‘வில்லேஜ் அட் வுல்ஃப் கிரீக்’ என்று பேர். எட்டாயிரம், பத்தாயிரம் பேர் தங்குகிற ‘வில்லேஜ்’! அந்த இடம் இருக்கும் மினரல் கவுன்ட்டியின் மொத்த ஜனத்தொகை 2010 சென்ஸஸ்படி எவ்வளவு தெரியுமா? 712. எங்க காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பசங்களை மட்டும் நிறுத்தினாலே அந்தக் கவுன்ட்டி நிரம்பிடும்.

இங்கேதான் ட்விஸ்ட். வாங்கின இடத்துக்கு வழி இல்லை!

நம்ம ஊரில் பத்திரம் எழுதுகிறவர் நான்கு எல்லையையும் எழுதிவிட்டு, கடைசியில் ‘வண்டிப் பாதை பாத்தியதை உட்பட’ என்று ஒரு வரி சேர்ப்பாரே, அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வரி என்று இந்தக் கேஸைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெக்கோம்ப்ஸ் நிலத்துக்கும் ஹைவேக்கும் நடுவில் வனத்துறையின் ஒரு துண்டு நிலம் கிடந்தது. இருந்த ஒரே பாதை, காட்டுக்குள் போகும் 391-ம் நம்பர் ரோடு. வெயில் காலத்தில் வண்டி போகும். பனிக்காலத்தில் அதை யாரும் சுத்தம் பண்ணுவதில்லை. அதன் மேல் ஜனங்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள். பனிச்சறுக்குக்காகக் கட்டுகிற ஊருக்குப் பனிக்காலத்தில் போக முடியாது! தியேட்டர் கட்டிட்டு ஷோ டைம்ல கேட்டைப் பூட்டின மாதிரி.

2004-ல் மினரல் கவுன்ட்டி இந்தத் திட்டத்துக்கு ஓகே சொன்னது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது பச்சைக் கொடி பிடிக்கிற அமைப்புகள் மட்டும் இல்லை. பக்கத்திலேயே இருக்கிற பனிச்சறுக்கு மைதானத்துக்காரர்களே கேஸ் போட்டார்கள். வாடிக்கையாளர் வாசலுக்கே வரப்போகிறார் என்று சந்தோஷப்பட வேண்டியவர்களே ‘இந்த சைஸ் வேண்டாம் சாமி’ என்றார்கள். வருஷம் முழுக்க வண்டி வரும் வழி இல்லாத இடத்துக்கு எப்படி அனுமதி கொடுத்தாய் என்று கேட்டு, மாநில கோர்ட் 2005-ல் அந்த ஓகேயை ரத்து செய்தது. 2007-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது.

இந்தப் பக்கம் வனத்துறை 2006-ல் ‘காட்டுக்குள் ரோடு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அனுமதி கொடுத்தது. மறுபடி கேஸ். 2007-ல் ஃபெடரல் நீதிபதி ஜான் கேன் தடை போட்டார். 2008-ல் சமரசம், அனுமதி வாபஸ்.

கேஸ் போட்டவர்களின் ஆயுதம் என்ன தெரியுமா? பெரும்பாலும் பேப்பர்தான். ‘ராக்கி மவுண்டன் வைல்ட்’ மாதிரி அமைப்புகள், நம்ம ஆர்.டி.ஐ. போல அங்கே இருக்கிற தகவல் சட்டத்தில் மனு போட்டு மனு போட்டு, வனத்துறைக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடிய கடிதங்களை, இ-மெயில்களை வெளியே எடுத்தார்கள். கொடுக்கவில்லை என்றால் அதற்கும் தனியாக ஒரு கேஸ். சினிமாவில் வருகிற மாதிரி மரத்தைக் கட்டிப்பிடிக்கிற சீன் எல்லாம் ரொம்பக் கம்மி. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பண்ணின போராட்டம். எனக்கு இதுதான் செம மாஸா தெரியுது.

ரோடு கேட்டால் தடை வருகிறது. சரி, ரோடே கேட்காமல் ஹைவேயைத் தொடுகிற நிலத்தையே கேட்டால்? அங்கேதான் இரண்டாவது நிலப் பரிமாற்றம் வருகிறது. இந்தத் தடவை கம்பெனி தன் நிலத்தில் சுமார் 178 ஏக்கரைக் கொடுக்கும், வனத்துறை சுமார் 205 ஏக்கர் கொடுக்கும். ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய சமம். மதிப்பும் சமமாக இருக்க வேண்டும் என்று 1976 சட்டம் சொல்கிறது, வித்தியாசத்தைப் பணமாகக் கட்டிக்கொள்ளலாம். எல்லாம் பக்கா. ஆனால் அந்த 205 ஏக்கரின் ஓரம் ஹைவேயில் முட்டுகிறது. வனத்துறை கொடுத்தது நிலம் இல்லை பாஸ், வாசல்!

வனத்துறையின் வாதத்தையும் சொல்லிடணும், இல்லேன்னா ஒன் சைடு கேம் ஆகிடும். கம்பெனியின் பழைய நிலத்தில் ‘ஃபென்’ என்கிற மலைச் சதுப்புகள் இருந்தன. செத்த செடிகள் மக்கி மக்கி, ஆயிரம் வருஷத்துக்குச் சில அங்குலம் என்ற வேகத்தில் சேர்ந்த மண். ஒருமுறை தோண்டினால் நம்ம பேரன் காலத்திலும் திரும்பாது. பரிமாற்றம் நடந்தால் அந்தச் சதுப்புகளில் நல்ல பங்கு அரசாங்கத்தின் கைக்கு வரும் என்றார்கள். நியாயமான பாயின்ட்தான். அடுத்து, 1980-ல் வந்த ‘அனில்கா’ என்ற சட்டம். பேரைக் கேட்டு அணிலுக்குப் போட்ட சட்டம்னு நினைச்சுடாதீங்க, அலாஸ்கா நிலங்களுக்காக வந்தது. அதில் ஒரு பிரிவு எல்லா தேசிய வனங்களுக்கும் செல்லும். வனத்துக்கு நடுவே தனியார் நிலம் இருந்தால், நியாயமாக அனுபவிக்கிற அளவுக்கு வழி கொடுத்தே ஆக வேண்டும். பட்டா வைத்திருப்பவனை ஹெலிகாப்டரில் வா என்று சொல்ல முடியாதே! ‘அதனால் நாங்கள் முடிவெடுப்பது வழியைப் பற்றி மட்டும்தான். உள்ளே என்ன கட்டுகிறார்கள் என்பது தனியார் சமாச்சாரம், கவுன்ட்டி பார்த்துக்கொள்ளும்’ என்றது வனத்துறை. 2015-ல் பரிமாற்றத்துக்குக் கையெழுத்தும் போட்டது.

ராக்கி மவுண்டன் வைல்டும் மூன்று உள்ளூர் அமைப்புகளும் அதே வருஷம் கேஸ் போட்டன. கேஸ் போய்ச் சேர்ந்தது ரிச்சர்ட் மேட்ச் என்ற நீதிபதியிடம். ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கில் 1997-ல் டிமோத்தி மெக்வேயை விசாரித்தவர் அவர்தான். வளவளா பேச்சு பிடிக்காதவர். 2017 மே மாதம் பரிமாற்றத்தை ரத்து செய்தார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நிலம் உன்னுடையது. கொடுப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கொடுத்தாலும் ‘இத்தனை வீட்டுக்கு மேல் கூடாது’ என்று கண்டிஷன் போட உனக்கு அதிகாரம் இருக்கிறது. அதைப் பற்றி யோசிக்கவே இல்லாமல், ‘நான் வாசல் மட்டும்தான் திறந்தேன், உள்ளே என்ன நடந்தால் எனக்கென்ன’ என்று நழுவ முடியாது. ‘நியாயமான வழி’ என்று சட்டம் சொன்னால், கம்பெனி கனவு காண்கிற அளவு பெரிய ஊருக்கான வழி என்று அர்த்தம் இல்லை. லின்க்ஸ் விஷயத்தில் செய்த ஆய்வும் சட்டப்படி நிற்காது என்றார்.

இப்போ சிவில் டிபார்ட்மென்ட்காரனா எனக்கு ஒரு டவுட்.

நாங்க தேர்ட் இயர்ல ஹைவே இன்ஜினீயரிங் படிக்கிறோம். ரோடு டிசைன் பண்றதுக்கு முதல் ஸ்டெப் என்ன? ஜல்லி இல்லை, தார் இல்லை. டிராஃபிக்! இந்த ரோட்டில் இன்றைக்கு எத்தனை வண்டி, 15, 20 வருஷம் கழித்து எத்தனை வண்டி, அதில் லாரி எத்தனை, அச்சு எடை எவ்வளவு. அதை ‘மில்லியன் ஸ்டாண்டர்டு ஆக்ஸில்’ என்ற கணக்குக்குக் கொண்டுவந்து, மண்ணின் சி.பி.ஆர். மதிப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் ரோட்டின் தடிமனே கிடைக்கும். எக்ஸாமில் டிராஃபிக் டேட்டா கொடுக்காமல் ‘ரோடு டிசைன் செய்க’ என்று கேள்வி வந்தால், அன்றைக்கு ஹாலே எழுந்து நின்று கத்தும். அப்போ ரோட்டின் அந்த முனையில் 200 வீடா, 2,000 வீடா என்று தெரியாமல் இந்த முனையில் ஒரு அடி ரோடுகூட டிசைன் பண்ண முடியாது. ஹைவேயில் இடதுபக்கம் திரும்ப தனி லேன் வேண்டுமா, மேம்பாலம் வேண்டுமா என்பதெல்லாம் அந்த நம்பரைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ‘உள்ளே என்ன வரும் என்பது எங்கள் விஷயம் இல்லை’ என்று வக்கீல் சொல்லலாம். ரோடு போடுகிற இன்ஜினீயரின் ஃபைலைத் திறந்தால் அந்த நம்பர் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

லின்க்ஸுக்கும் அதே நம்பர்தான் எமன். அந்தப் பூனையின் இடத்தில் வீடு வருகிறதா என்பதைவிட, வீட்டுக்கு வருகிற வண்டிகள் கணவாயில் எத்தனை கூடும் என்பதுதான் விஷயம். விட்ட 218-ல் ரோட்டில் அடிபட்டுச் செத்தவையும் உண்டு. பாதம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் பனியில்தான் நடக்கும், பம்பரைத் தாண்டாது.

கதை 2017-லேயே முடிந்திருக்கணும் இல்லையா? இரண்டு தீர்ப்புக்கு நடுவில் இன்டர்வெல்தான் விட்டார்கள். பரிமாற்றம் ரத்தானதும், வனத்துறை பழைய ரூட்டுக்குத் திரும்பியது. 2019-ல் ‘நிலம் வேண்டாம், வன நிலத்தின் குறுக்கே வழிப்பாதை உரிமை மட்டும் தருகிறோம்’ என்று புது ஆர்டர். புதுசாக விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு செய்தார்களா? இல்லை. நீதிபதி ஓட்டை என்று சொன்ன அதே பழைய ஆய்வையே ஆதாரமாக எடுத்துவைத்தார்கள். ஃபெயிலான ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை மாற்றி மறுபடி சப்மிட் பண்ணினால் நம்ம லேப்ல நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கிறிஸ்டின் அர்கெயோ அதையும் ரத்து செய்தார். அதற்குமுன் 2019-லேயே நீதிபதி மேட்ச் காலமாகிவிட்டார். 2023 பிப்ரவரியில் மெக்கோம்ப்ஸும் போய்ச்சேர்ந்தார், 95 வயதில். 1987-ல் வாங்கிய இடத்தில் தன் வாழ்நாளில் ஒரு வீட்டைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவர் தரப்பில் யோசித்தால் பாவம்தான். காசு கொடுத்து, நிலம் கொடுத்து, அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சொத்து. அதில் கட்டுவதற்கு ஆயுசு பூராவும் அலையவிட்டார்கள் என்றால் கோபம் வராதா? அந்த மலையடிவார ஊர்களில் ‘நாலு பேருக்கு வேலை வரும், ஏன் தடுக்கறீங்க?’ என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் 1986-ல் அந்த ஆபீஸில் ‘நோ’ என்பதை அடித்துவிட்டு ‘யெஸ்’ என்று எழுதின பேனா மேல்தான். அன்றைக்கே யாராவது மேப்பை விரித்து ‘இதுக்கு வழி எங்கே இருக்கு?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இந்த முப்பது வருஷ அலைச்சல் இரண்டு பக்கத்துக்கும் மிச்சம்.

எல்லாம் சரி, இந்தப் பழைய கதையை இப்போ ஏன் தோண்டறேன்?

2025 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வேறொரு கேஸில் ஒரு தீர்ப்பு சொன்னது. அது யூட்டா மாநிலத்தில் யூன்டா பள்ளத்தாக்கு எண்ணெயை வெளியே கொண்டுவர 88 மைல் ரயில் பாதை போடுகிற திட்டம். ரயிலுக்கு அனுமதி கொடுத்த வாரியம், ‘பாதை வந்தால் எண்ணெய்க் கிணறுகள் கூடுமே, சுத்திகரிப்பு ஆலைகளில் புகை கூடுமே’ என்பதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று பக்கத்து கொலராடோவின் ஈகிள் கவுன்ட்டி வழக்குப் போட்டது. 8-க்கு 0 என்று சுப்ரீம் கோர்ட் மறுத்தது. ரயில் பாதைக்கு அனுமதி கேட்டால் ரயில் பாதையின் பாதிப்பைப் பாருங்கள், போதும். அந்த முனையில் வேறு யாரோ தோண்டுகிற கிணறு வேறு திட்டம். தவிர, ஆய்வு எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதில் கீழ்க்கோர்ட்டுகள் அதிகாரிகளின் முடிவில் அடிக்கடி மூக்கை நுழைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது.

‘ரோடு மட்டும்தாங்க கேட்டோம்’ என்கிறவர்களுக்கு இது எவ்வளவு இனிப்பா இருக்கும்!

ஆனா இரண்டும் ஒண்ணான்னு கேட்டா, இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ரயில் வாரியத்துக்கு எண்ணெய்க் கிணறு மேல் அதிகாரம் கிடையாது. கிணறு தோண்டுகிறவன் வேறு, ரயில் விடுகிறவன் வேறு. வுல்ஃப் கிரீக்கில் வாசல் கேட்டவரும் வீடு கட்டப்போகிறவரும் ஒரே ஆள். வாசலைக் கொடுப்பது நாட்டு ஜனங்களின் சொத்துக்குக் காவலாக இருக்கிற வனத்துறை. கண்டிஷன் போடவும் அதற்கு உரிமை உண்டு, போடாமல் விட்டதுதான் மேட்ச் கண்ட குற்றம். இந்த வித்தியாசத்தைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியது வக்கீல் வேலை. அதற்கு முன்னாடியே ஆய்வு ரிப்போர்ட்டில் ‘இந்தத் திட்டத்தின் எல்லை எதுவரை’ என்று முதல் அத்தியாயத்தில் கோடு போடுகிற வேலை இருக்கே, அதை வக்கீல் செய்வதில்லை. கன்சல்டன்ட் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற இன்ஜினீயர் செய்கிறார். இன்னும் ரெண்டு வருஷத்துல அந்த நாற்காலியில நம்ம பேட்ச் பசங்க யாராவது இருப்போம். ஸ்டார்ட்டிங் சாலரி, ஹோம் லோன், மேனேஜர் தலையாட்டல் எல்லாம் சேர்ந்து பென்சிலைப் பிடித்திருக்கும்.

இந்தக் கட்டுரையின் முதல் டிராஃப்டை ஹாஸ்டலில் படித்துக் காட்டினேன். ரூம்மேட் மெக்கானிக்கல், எதையும் சுருக்கமாகத்தான் கேட்பான். ரயில் தீர்ப்பு வரைக்கும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

“ஏன்டா, அந்த முனையில என்ன இருக்குங்கிறது உங்க வேலை இல்லைன்னா, அப்புறம் எதுக்கு நாலு நாள் ஹைவேல நின்னு வண்டி எண்ணினீங்க?”